என்டர் தட்டாத எண்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. செராமிக் பட்டறைக்கு நான் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரில், சூளைக்கு எவ்வளவு சூடு என்பதைத் திரையில் உள்ள பட்டியலிலேயே திருத்தலாம். திருத்திவிட்டு என்டர் தட்ட வேண்டும். தட்டாமல் வேறு வரியை க்ளிக் செய்தாலும் என் லினக்ஸ் லேப்டாப்பில் பதிந்துவிடும். அவர்களுடைய விண்டோஸில் சோதிக்காமல் விட்டேன்.

இன்று சூப்பர்வைசர் செல்வி அக்கா பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளுக்கு 1250 டிகிரி என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எண் சத்தமில்லாமல், அதே சூளையில் முன்பு சுட்ட பொம்மைகளுக்கான பழைய 1180க்கே திரும்பியது. அவர் கவனிக்கவில்லை.

"என்டர் தட்டலியாக்கா?"

"அது மண்ணு அடைச்சிப் போயி ஒரு மாசமாவுது தம்பி. மவுஸாலதான் தட்டுறேன்."

ஒரு மாதம்.

"எந்தச் சரக்குக்கு எவ்வளவு சூடுன்னு எழுதி வச்ச பழைய நோட்டு இருக்குதாக்கா?"

"உன் லிஸ்ட்டு வந்துடுச்சேன்னு அத அடுப்புல போட்டுட்டேன்," என்று சிரித்தார்.

இன்றைய எண்ணை மட்டும் திருத்திவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதமாக என்ன நடந்திருக்கும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சரியாக வேகாத பீங்கான் ஈரத்தை உறிஞ்சும், கரண்ட் கசியும். எத்தனை கட்டைகள் எந்தெந்த வீட்டுச் சுவரில் ஏறிவிட்டனவோ.

வெளியே மழை பிடித்துவிட்டது.