உன் மனையில் புதைத்த கம்பிகள்

பெருங்களத்தூர்,
12.3.2006

அன்புத் தம்பி எழிலுக்கு,

அண்ணன் சவுரிமுத்து எழுதுவது. நானும் உன் அண்ணி பேபியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் பேசலாம்தான். கோபம் முந்திக்கொள்ளும் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் உனக்கு என் பதில் வராமல் பத்து நாளாகிறது. செட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆன்டெனா போய்விட்டது.

மொட்டைமாடியில் கட்டியிருந்த பழைய கம்பி, நாற்பது மீட்டர் அலைவரிசையில் வேலூரையும் திருச்சியையும் சுலபமாக எட்டியது. உன்னிடம் வரும்போது முனகலாகிவிடும். தாழக் கட்டிய கம்பி வானத்தைப் பார்த்தே பேசும், தூரத்துக்கு நேராக நிற்கும் குழாய்தான் சரி, அதைச் சுற்றி மண்ணில் கம்பிகள் புதைக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். இடம் போதாது என்றேன். என் மனை சும்மாதானே கிடக்கிறது, அதிலும் புதைச்சுக்கோங்க அண்ணா என்றாய். சேர்ந்து மனை வாங்கி, நடுவில் வேலிகூடப் போடாதவர்கள் நாம். பொங்கல் லீவு முழுக்கக் குனிந்து முப்பத்திரண்டு கம்பி புதைத்தேன். பாதிக்குமேல் உன் பக்கம். போதாததற்குப் பழைய ஆன்டெனாவையும் வெட்டிச் சேர்த்தேன், முட்டாள். அன்று மாலை, பக்கத்து அறையிலிருந்து பேசுற மாதிரி இருக்கு அண்ணா என்றாய். பேபியைக் கூப்பிட்டு அதைக் கேட்கவைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த மாதம் இரண்டாம் தேதி பொக்லைன் வந்தது. ஓடிப்போய் மறித்தேன். இன்னா சார், இது உங்க இடமா, பவர் பத்திரம் எங்க கையில கீது என்று மேஸ்திரி காகிதத்தை நீட்டினார். அபார்ட்மென்ட் கட்டுகிறார்களாம். கீழே உன் கையெழுத்து. தேதி, நவம்பர் 21. நீ என்னைப் புதைக்கச் சொன்னது கிறிஸ்துமஸ் அன்று.

விற்றதைப் பற்றி எனக்கொன்றுமில்லை, உன் மனை. விற்றுவிட்டேன் என்று சொல்ல வராத வாய்க்கு, புதைச்சுக்கோங்க என்று சொல்ல மட்டும் எப்படி வந்தது?

பொக்லைன் கம்பிகளை வாரியதில் குழாயும் சாய்ந்துவிட்டது. மிஞ்சிய துண்டுக் கம்பியை மாடியில் கட்டியிருக்கிறேன். கேட்பதற்கு அது போதும், பேசுவதற்குப் போதாது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நீ கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. நானும் தொண்டை வறளப் பதில் சொல்கிறேன். முந்தாநாள் யாரிடமோ, அண்ணாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும், அதான் வரமாட்டேங்கிறார் என்றாய். அதையும் கேட்டேன்.

தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆறு மணிக்குச் செட்டுக்கு முன்னால்தான் இருக்கிறேன். பதில் வராவிட்டாலும் கூப்பிடுவதை நிறுத்திவிடாதே.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக.

உன் அண்ணன்,
சவுரிமுத்து