ஆறு பேரும் போட்ட டிக்

ஜூன் 11, புதன்.

“புது கம்ப்யூட்டர் முறைக்குத் தயாரா?” என்று போன மாசம் காலேஜ் ஆபீஸில் ஒரு படிவம் தந்தார்கள். பிரின்சிபால் மேடம் எதிரிலேயே நின்றார். முகத்துக்கு நேரே எப்படி இல்லையென்பது? ஆபீஸ் கிளார்க்குகள் ஆறு பேரும் “ஆமாங்க” என்று டிக் போட்டோம்.

இன்றைக்குப் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, மேல்படிப்புக்கு டிசி வாங்க ஒரு பெண் வந்தாள். புது முறையில் அதை எடுக்க ஒருவருக்கும் தெரியவில்லை; ஆறு பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றதுதான் மிச்சம்.

“நாளைக்கு வா கண்ணு” என்றேன்.

“நாளைக்கும் லீவு கேட்டா, வேலைக்கே வரவேண்டாம்பாங்க மேடம்.”

எனக்கு அசிங்கமாகிவிட்டது. லீவு வேண்டாம், நாளைக்குக் கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் வந்தால் போதும், கையில் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் முதல் வேலையாகப் பிரின்சிபால் அறைக்குப் போவேன். “அன்னைக்குப் பொய்யா டிக் போட்டுட்டனுங்க, சொல்லிக் குடுங்க” என்பேன். மற்ற ஐந்து பேரும் முறைக்கட்டும். ஒரு மணிக்கு அவள் வந்துவிடுவாள்.