பட்டியலில் இல்லாத பல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் நாய்க் காப்பகத்தில் ஒரு பொமரேனியன் என் கையைப் பதம் பார்த்துவிட்டது. ஊசி போட்டாயிற்று, பதறாதே. பக்கத்துக் கூண்டில் கறுப்பன் என்கிற பெரிய நாய் சாதுவாகப் படுத்திருந்தான். அன்றைக்கே வந்த அதிகாரி அவன் தாடையை நாடாவால் அளந்து, "தடை செஞ்ச இனம். சட்டப்படி கொன்னுடணும்" என்றார்.

"கடிச்சது அவன் இல்ல சார், அந்தப் பொமரேனியன்தான்!"

"அது பட்டியல்ல இல்லையேப்பா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடித்ததை விட்டுவிட்டுத் தாடைக்கா தண்டனை? கறுப்பன் சாது என்று நாய் மருத்துவரம்மாவிடம் சான்று வாங்கி ஆட்சேபணை கொடுத்துவிட்டேன். ஜெயிப்பேன், பார்.

சாப்பாட்டு நேரம், எல்லாம் குரைக்கின்றன. நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. துவைத்துவிடாதே. கறுப்பனுக்குத்தான் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரன்