இருபத்துமூன்றுக்குக் காத்திருந்தவர்

பர்னி, டாஸ்மேனியா
18 செப்டம்பர் 1994

அன்பு மெர்வுக்கு,

நாங்கள் இருவரும் நலம். குவீன்ஸ்லாந்து வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா? மகள் வீட்டோடு போய்விட்டவன் மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று டோரீன் குறைப்படுகிறாள். நான் குறைப்படவில்லை. உன் கையெழுத்தைப் படிப்பதற்கு மரம் வெட்டுவதே மேல்.

நம்மை வைத்து எடுத்த படம் வியாழக்கிழமை வந்துவிட்டது. ‘இரண்டு பழைய கட்டைகள்’ என்று பெயர். மரம் வெட்டும் போட்டியில் நாற்பது வருடம் மோதிக்கொண்ட இரண்டு கிழவர்களின் நகைச்சுவைக் கதையாம். முதல் நாளே டோரீனை அழைத்துக்கொண்டு போனேன். கொட்டகையில் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். ஒருவர் குறட்டை விட்டார். ஒரு ஜோடி திரைப்பக்கமே திரும்பவில்லை. டிக்கெட் கொடுக்கிற பெண் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

உன் வேஷம் போட்டவன் கோடாலியைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிறான். படம் படுத்துவிட்டது, மெர்வ். அடுத்த வியாழன் பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ அங்கே காத்திருக்காதே, அது அவ்வளவு தூரம் வராது. வீடியோவில் வந்தாலும் பார்க்காதே, காசுக்குக் கேடு.

உன் மகள் ஜானெலுக்கு என் அன்பு.

உன் பழைய எதிரி,
கிளாரி

•

கிங்கராய், குவீன்ஸ்லாந்து
30 செப்டம்பர் 1994

அன்பு கிளாரி,

உன் கடிதம் கிடைத்தது. நம் படம் ஓடவில்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். வயிற்றெரிச்சலா? என் வேஷம் போட்டவன் உன் ஆளை விட அழகாக இருக்கிறானா?

இங்கே நான் என்ன பாடுபடுகிறேன் தெரியுமா? இது வேர்க்கடலை விளைகிற ஊர். மரம் வெட்டுவதைப் போட்டியாக வைப்பார்கள் என்றால் சிரிக்கிறார்கள். கிழடுகள் புல்தரையில் பந்து உருட்டுகிற பௌலிங் கிளப்பில் ஒரு நாள் சொன்னேன், “என் நம்பர் இருபத்துமூணு”ன்னு. ஒரு அம்மா கேட்டாள், “அது என்ன, பஸ் நம்பரா?” அவர்களுக்கு எப்படி விளக்குவது? படம் வரட்டும், பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜானெல் இங்குள்ள கொட்டகைக்காரரைக் கேட்டாள். பெரிய ஊர்களில் நன்றாக ஓடினால்தான் இங்கே ஒரு பிரதி வருமாம். ஆகவே தயவு செய்து நீ இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவை. நாக்கு மேல் பல்லைப் போட்டு அதை ‘படுத்துவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்லாதே.

டோரீனுக்கு என் அன்பைச் சொல். அவள் மாவுக்குள் அடைத்துச் சுடும் ஆட்டுக்கறிப் பை நினைவில் வந்து தொல்லை கொடுக்கிறது.

என்றும்,
மெர்வ்

•

பர்னி
23 அக்டோபர் 1994

அன்பு மெர்வ்,

படம் பிழைத்துக்கொண்டது. எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டாவது வாரம் பாதிக் கொட்டகை. மூன்றாவது வாரம் டெவன்போர்ட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் ஹவுஸ்புல் பலகை மாட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வசூல் பட்டியல் போடுகிறார்களே, அதில் நாடு முழுவதற்கும் மூன்றாவது இடம். ஒவ்வொரு ஞாயிறும் அது கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பத்திரிகையைப் பிரிக்கிறேன். மேலே ஏறியிருக்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் நீ படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதை விட நான் சொல்லிவிடுவது நல்லது.

போன வருடம் மெல்போர்னிலிருந்து ஃபியோனா என்ற பெண் இந்தப் படத்துக்குக் கதை கேட்டு வந்தாள் அல்லவா? மதுக்கடையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். எண்ணிக்கை விஷயத்தையும் விளக்கினேன். “ஒருத்தர் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவாரும்மா. கத்துக்குட்டி மூணுலயே வெட்ட ஆரம்பிச்சுடலாம். கொஞ்சம் தேறினவன் பத்து வரைக்கும் நிக்கணும். எவன் பெரிய ஆளோ, அவன் மத்தவன் மரத்துலேர்ந்து சிலாம்பு பறக்கிறதைப் பாத்துக்கிட்டே தன் நம்பர் வர்ற வரைக்கும் கோடாலியும் கையுமா நிக்கணும்.”

“அப்போ லேட்டா ஆரம்பிக்கிறதுதான் மரியாதையா?” என்று கேட்டாள்.

“மரியாதையே அதுதான்” என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். நாலு கோப்பை உள்ளே போயிருந்தது. நாம் வெட்டிய கடைசி வருடப் புத்தாண்டுப் போட்டியில் உனக்குக் காது கேட்காமல் எண் தாண்டிப் போனதையும், நீ பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்ததையும் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, எழுந்து உன்னைப் போலவே நின்று காட்டினேன். கடையே சிரித்தது. படத்தில் அதுதான் உச்சக்காட்சி. உன் ஆள் நிற்கிறான், எண் போகிறது, பரிசு கொடுத்து முடிகிறது, கூட்டம் கலைகிறது, அவன் இன்னும் நிற்கிறான். ஒரு கடற்பறவை வந்து கோடாலி மேல் உட்காருகிறது. அந்தக் காட்சிக்காகத்தான் படம் ஓடுகிறது.

நேற்று இறைச்சிக் கடையில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் கவனிக்காமல் நின்றார். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “என்ன பெரிசு, பறவை வந்து உட்காரணுமா?” எல்லோரும் சிரித்தார்கள். நான் கறி வாங்காமலே வந்துவிட்டேன். டோரீன் கேட்டதற்கு நல்ல கறி இல்லை என்று பொய் சொன்னேன்.

உன்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டேன், மெர்வ். என்னை மன்னிப்பாயா?

கிளாரி

•

கிங்கராய்
6 நவம்பர் 1994

அன்பு முட்டாள் கிளாரி,

இதற்கா இத்தனை ஒப்பாரி? காது கேட்காதவனுக்குக் காது கேட்காது என்று காட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் மரம் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனுக்குக் காது எப்படி இருக்கும்? அன்றைக்கு நின்றேனே, அது எனக்கே சிரிப்புத்தான். பறவை பிரமாதம். நிஜத்தில் வராமல் போய்விட்டதே.

போன வாரம் ஜானெல், “அப்பா, கேஸ் லீக் ஆகுது!” என்று கத்தினாளாம். நான், “கேக் வேணாம், சர்க்கரை இருக்கு” என்றேனாம். இந்த வீட்டில் தினமும் படம்தான்.

முக்கியமான செய்தி: பிரதி இங்கே வருகிறது! டிசம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை. பௌலிங் கிளப் மொத்தமும் வருகிறது. “எண்ணும்போது காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க, இருபத்துமூணுன்னு வரும், அது நான்”னு சொல்லியிருக்கிறேன். எனக்கு விழாவிட்டாலும் அவர்களுக்கு விழும். புதுச் சட்டை வாங்கியாகிவிட்டது.

மூக்கைச் சிந்திவிட்டு, போய் நல்ல கறி வாங்கு.

உன்,
மெர்வ்

•

பர்னி
20 நவம்பர் 1994

அன்பு மெர்வ்,

உன் கடிதத்தைப் படித்து டோரீன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உன் பெருந்தன்மைக்கு நான் தகுதியில்லை. சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி நீ போகத்தான் வேண்டுமா? டிசம்பரில் அங்கே கொட்டகை வெந்துபோகும் என்கிறார்கள். உனக்கு இரத்த அழுத்தம் வேறு. அதை விட்டுவிட்டு முன்கூட்டியே இங்கே கிளம்பி வாயேன். கிறிஸ்துமஸுக்கு எங்களோடு இரு. டோரீன் ஆட்டுக்கறிப் பை சுடுவாள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சரி, விடு. டோரீன் சாப்பிடக் கூப்பிடுகிறாள். தயவு செய்து வா.

கிளாரி

•

கிங்கராய்
4 டிசம்பர் 1994

திரு. கிளாரன்ஸ் டாப்சன் அவர்களுக்கு,

நேற்று படம் பார்த்தேன்.

கொட்டகை நிறைந்திருந்தது. ஜானெல் எனக்காக நடு வரிசையில் இடம் பிடித்திருந்தாள். எண்ண ஆரம்பித்தார்கள். காதில் விழாவிட்டாலும் எண் சொல்பவரின் உதட்டைப் படிக்க எனக்குத் தெரியும். இருபது என்றார். படத்தில் அது என் ஆளுக்கு உரிய எண், அவன் அதைத் தவறவிட்டுவிட்டு நிற்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு இருபத்துமூன்று என்றார். உங்கள் ஆள் கோடாலியை ஓங்கினான்.

பஸ் நம்பரா என்று முன்பு கேட்ட அந்த அம்மா என் பக்கம் குனிந்து உரக்கக் கேட்டாள்: “மெர்வ், இருபத்துமூணு நீங்கன்னு சொன்னீங்களே?”

“தப்பா சொல்லிட்டேம்மா” என்றேன்.

வேறு என்ன சொல்வது? படத்தில் உண்மைக் கதை என்று போட்டிருக்கிறது. பௌலிங் கிளப் முழுவதும் இன்றைக்கு என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொள்கிறது. பெருமையடித்துக்கொண்ட கிழவனிடம் நடந்துகொள்வார்களே, அப்படி.

காது போனது என் கையில் இல்லை, அதற்கு நான் வெட்கப்படவில்லை. அந்த எண் நான் சம்பாதித்தது. இரண்டையும் அந்தப் பெண் தானாக மாற்றியிருக்க முடியாது. பக்கத்துக் கட்டையில் நின்றவர் நீங்கள்தான். அக்டோபரில் அத்தனை பக்கம் மன்னிப்புக் கேட்டீர்களே, அதில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

உங்கள் மனைவிக்கு என் வணக்கங்கள். இனி எழுத வேண்டாம்.

எம். ஹிங்ஸ்டன்

•

பர்னி
18 டிசம்பர் 1994

மெர்வ்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ அடுப்பில் போட்டாலும் சரி.

அந்தப் பெண், “உங்க நம்பர் என்ன?” என்று கேட்டாள். வாய் ‘இருபத்துமூணு’ என்றது. “அவரோடது?” ‘இருபது’ என்றது. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வேண்டியதெல்லாம் அந்த ஒரு சாயங்காலம் அவள் முன்னால் பெரிய ஆளாக இருப்பதுதான். நிஜத்தில் ஒவ்வொரு போட்டியிலும் என் இருபதை அவர்கள் சொல்வார்கள், நான் வெட்ட ஆரம்பிப்பேன், நீ அசையாமல் நிற்பாய். நாற்பது வருடம் என் முதுகுக்குப் பின்னால் நீ நின்ற அந்த மூன்று எண்ணை நான் மறந்ததே கிடையாது.

காது விஷயத்துக்கு நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுததும் திருட்டுத்தனம்தான். அங்கே சத்தம் போட்டால் நீ இங்கே பார்க்கமாட்டாய் என்று நினைத்தேன். உன் கடிதத்தை டோரீனிடம் காட்டினேன். அவள் முழுதும் படித்துவிட்டு, “இந்த நம்பர் விஷயம் எனக்கு முதல் நாளே தெரியும் கிளாரி. நீயா சொல்வேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

நேற்றுக் கொட்டகைக்குப் போனேன். ஹவுஸ்புல். திரையில் இருபது என்று சொன்னதும் எழுந்து நின்று கத்தினேன்: “இருபது நான்! மெர்வ் ஹிங்ஸ்டன்தான் இருபத்துமூணு! நான் பொய் சொல்லிட்டேன்!”

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பில். நிர்வாகமே ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டினார்கள். “உண்மையா சொல்றேன்!” என்று கத்தினேன். இன்னும் சிரித்தார்கள். வெளியே வரும்போது மேலாளர் தோளில் தட்டி, “அருமை தாத்தா! அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா? டிக்கெட் வேணாம்” என்றார். ஓடக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட படத்தை இனி நானே ஓட்டப்போகிறேன் போலிருக்கிறது. என்னால் ஒழுங்காக அவமானப்படக்கூட முடியவில்லை, மெர்வ்.

உன் பௌலிங் கிளப்புக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். யார் இருபது, யார் இருபத்துமூன்று, யார் பொய்யன் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் நீ தப்பாகச் சொல்லவில்லை.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆகவே கேட்கவில்லை.

இருபது,
கிளாரி

•

கிங்கராய்
26 டிசம்பர் 1994

கிளாரி,

உன் கடிதம் வந்தது. கிளப் சுவரிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த அம்மா அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு கேக் செய்து கொடுத்தாள். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.

நீ எனக்கு எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஆனால் எனக்குத்தான் காது மந்தமாயிற்றே, ஒன்றும் விழவில்லை.

ஒன்றாம் தேதி பர்னியில் புத்தாண்டுப் போட்டி. ஜானெல் விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி நேரில் சொல். ஒன்றிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக எண்ணு. இருபதில் நிறுத்திவிடாதே.

நான் நின்றுகொண்டிருப்பேன்.

மெர்வ்