சப்டைட்டில் போடாத ஞாயிறுகள்

9 நவ., ஞாயிறு
காலையிலிருந்து தூறல். மலைப் பக்கம் ஒரே மேகம். உரக்கடை லீவு.

சங்கராபுரத்திலிருந்து சேகர் வந்தான். பையில் புது டிஸ்க், மெக்சிகோ கொலைப்படம், கறுப்பு வெள்ளை. இந்த ஜில்லாவில் இதையெல்லாம் தேடிப் பிடிப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அந்த நினைப்பே தனி கெத்து.

வழக்கம்போல சப்டைட்டில் கிடையாது. மொழி தெரியாமல், முகத்தை மட்டும் பார்த்துக் கொலைகாரனைப் பிடிக்க வேண்டும். எங்கள் சட்டம். நான் ஹோட்டல்காரன் என்றேன். அவன் டாக்டர் என்றான். கடைசியில் டாக்டர் கையில்தான் விலங்கு. எப்போதும் அவன் சொல்வதே சரி. என்ன மூளை! கொஞ்சம் பொறாமை.

11 நவ., செவ்வாய்
நல்ல வெயில். யூரியா லோடு. இறக்க ஆள் வரவில்லை, முதுகு போச்சு.

மதியம் சாப்பிட வந்தால், மல்லிகா தாளித்தபடியே போனில் ஏதோ சினிமாக் கதை சொல்லும் சேனல் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, சேகர் அண்ணன் கொரலு மாதிரி கீது?"

அவன் குரலேதான். முகம் காட்டாத சேனல். எங்கள் படங்கள் ஒவ்வொன்றாக, வசனத்தோடு. சப்டைட்டில் பார்க்காமல் வசனம் எப்படித் தெரியும்? டாக்டர் படமும் இருக்கிறது. நாங்கள் பார்த்ததற்கு முந்தின வாரமே போட்டிருக்கிறான்.

பாதிச் சோற்றோடு எழுந்து கடைக்குப் போனேன்.

12 நவ., புதன்
கடையில் கூட்டம் இல்லை. உட்கார்ந்து அவன் சேனலின் மற்ற வீடியோக்களைப் பார்த்தேன்.

ஒன்று, அம்மா செத்துப்போன வருஷம் நாங்கள் பார்த்த படம். பிணத்தைக் கட்டிக்கொண்டு அழும் கிழவி. பெற்றவள் என்று நினைத்து நானும் அழுதுவிட்டேன். சேகர் என் தோளைப் பிடித்துக்கொண்டான். வீடியோவில் சொல்கிறான்: "வெஷம் வச்சதே அந்தக் கெழவிதான். என் ஃபிரண்டு ஒருத்தரு, அம்மான்னு நெனச்சி தேம்பிக்கினு இருந்தாரு. நான் சிரிப்ப அடக்கிக்கினு உக்காந்திருந்தேன்."

கீழே கமெண்டில் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

துரோகி. சேனல் நடத்தட்டும், பரவாயில்லை. ஆனால் நான் அழுததைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தக் கையை நம்பினேன்.

மல்லிகா சொன்ன சோப்பு, கடலைப் பருப்பு, இரண்டும் மறந்தேன்.

16 நவ., ஞாயிறு
மழை இல்லை. சேகர் வந்தான். மல்லிகாவுக்குக் கரியாலூர் மலைத்தேன், எனக்கு இன்னொரு டிஸ்க். யார் கொலைகாரன் என்று இந்தத் தடவையாவது சொல்லு பார்க்கலாம் என்றான், அதே சிரிப்போடு.

ரிமோட்டை எடுத்து சப்டைட்டில் போட்டேன். கீழே இங்கிலீஷ் ஓடியது.

என்னைப் பார்த்தான். "சேனலு பாத்துட்டியா?" என்றான்.

ரிமோட்டைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் கடைசி வரை படித்தோம். முதல் தடவையாக எல்லாம் புரிந்தது.

படம் ரொம்ப சுமார்.