அருமைராசாவுக்கு நானே வாசித்துக் காட்டிய கடிதம்

மொன்றியல்
17.06.2007

அன்பு மகள் நிருஷாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முழங்காலும் என் வாயும் மட்டும் வழக்கம்போல. மெல்பேர்ணில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க முருகன் துணை. பேறுகாலத்துக்கு அம்மா வருவாவா என்று கேட்டிருந்தாய். வருகிறா, அந்த விமான ரிக்கற் வந்த கதையைக் கேள்.

செயின்ட்-மிஷேலில் இருந்த நம் கடையை 2004இல் அருமைராசாவுக்குத் தவணைக்கு விற்றேன் அல்லவா, காசு வரவர லாபத்தைப் பிரித்துக் காட்டலாம் என்று கணக்காளர் கிருஷ்ணகுமார் சொல்ல, இந்தப் பேரின்பநாதன் அரசாங்கத்துக்குக் கடன் வைப்பவனில்லை என்று முழு லாபத்துக்கும் ஒரேயடியாக ஒட்டாவா மத்திய அரசுக்கும் கியூபெக் மாகாணத்துக்கும் வரி கட்டிய மகாபுத்திசாலி நான். இரண்டு வருடத்தில் கடை படுத்தது, தவணையும் நின்றது. வராத காசுக்கு வரி கட்டின மனிசன் இவர்தான் என்று அம்மா கோயில் அன்னதான வரிசையில் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னா. கிருஷ்ணகுமாரோ, சார், இதை வராக்கடன்னு காட்டினா அந்த நஷ்டத்தைப் பழைய லாபத்துல கழிக்கலாம், கட்டின வரி திரும்பும், ஆனா நீங்க காசு கேட்டதுக்கும் அவரால முடியலைங்கறதுக்கும் ஆதாரம் வேணும், கேட்டீங்களா என்றார். மாதாமாதம் அவன் வீட்டுக்குப் போய் நான் கேட்டதெல்லாம் இன்னொரு துண்டு மீன்தான்.

ஆகவே போன மார்கழியில், கிருஷ்ணகுமார் எழுத, நான் கையெழுத்து வைக்க, காசு கேட்டு அருமைராசாவுக்குப் பிரெஞ்சில் ஒரு பதிவுத் தபால் போனது. மூன்றாம் நாள் அருமைராசா நம் வாசலில். அவனுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதமெல்லாம் நான்தானே வாசித்துச் சொல்வது. அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோ என்று நீட்டினான். நான் கண்ணாடியைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன், நகரசபை பனி அள்ளுவதைப்பற்றி ஏதோ எழுதியிருக்கு என்று தொடங்கினேன். குசினியிலிருந்து அம்மா, கீழ ஆருடைய கையெழுத்தெண்டும் வாசியுங்கோ என்றா. வாசித்தேன். அவன் கோபிக்கவில்லை. நீங்கள் கேக்காதபடியால் எனக்கும் சொல்ல வெக்கமாக் கிடந்தது அண்ணை என்றான். பேனை வாங்கி, கடையின் குளிர்பெட்டியைக்கூட வங்கி கொண்டுபோனதையும் தன்னிடம் ஒன்றுமில்லாததையும் எழுதிக் கையெழுத்து வைத்தான். பிறகு இருவரும் சாப்பிட்டோம், அன்றைக்கு மீனில்லை.

போன கிழமை வரிக்காசு திரும்பியது, ரிக்கற் எடுத்தாயிற்று. ஆனால் அருமைராசாவுக்கு இப்போது புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை, நேற்றுக் கோயிலில் ஐம்பது டொலரோடு என்னைத் தேடினான். கடனைத்தான் வராதென்று காட்டிவிட்டோமே, இனி அவன் தருவதெல்லாம் லாபமாம், அதற்கும் வரியாம், கிருஷ்ணகுமார் சொல்கிறார். தூணுக்குப் பின்னால் ஒளித்தேன், வயிறு மட்டும் வெளியே நின்றது. வேண்டாமென்றால் அவன் முகம் வாடும், வாங்கிவிட்டேன். அம்மா அதில் உடனே உன் பத்தியத்துக்கு மிளகும் மல்லியும் வாங்கிக் கட்டிவிட்டா.

இரும்புச்சத்துக் குளிசையை விழுங்க மறக்காதே. யாருக்காவது கடன் கொடுத்தால் அந்த வீட்டில் சாப்பிடாதே. தாயும் பிள்ளையுமாக நல்லபடி எழும்ப வேண்டும் என்று ஆசி.

உன் மிளகுக்கும் மல்லிக்கும் அடுத்த வருடம் வரி கட்டப்போகும்
அப்பா,
பேரின்பநாதன்