விடுபட்ட புலம்பல்

மார்ச் 3

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளருக்கு,

கடைசிக் காண்டத்தின் மெய்ப்பு வந்து சேர்ந்தது. ராணியின் மகன் போரில் விழுகிறான். அடுத்த பக்கத்திலேயே சிதை எரிந்து முடிந்துவிடுகிறது. நடுவில் அவள் புலம்புவாளே, அது எங்கே? அச்சகத்தில் தாள் தொலைந்துவிட்டதா? மூலத்தில் ஒரு அசைச்சொல்லைக்கூட விடாத ஆள் நீங்கள்.

மற்றபடி பிழைகள் அதிகமில்லை. இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துபவள்

மார்ச் 8

அன்புள்ள உனக்கு,

தாள் தொலையவில்லை. அந்தப் பகுதி இடைச்செருகல். பிற்காலத்தில் எவனோ எழுதிச் சேர்த்தது, நடையே வேறு. விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் அச்சு. பதிப்பாளர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார். மீதியைச் சீக்கிரம் அனுப்பு.

'மதிப்பிற்குரிய'வாம்! கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது.

உன் கணவன்
(இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்)

மார்ச் 12

யாரிடம் கதை விடுகிறீர்கள்? கல்யாணமான புதிதில், "இந்தக் காவியத்தோட உயிரே இதுதான்" என்று அந்தப் புலம்பலை எனக்கு வரிவரியாக விளக்கியது யார்? நம் பையன் போன பிறகு அது இடைச்செருகல் ஆகிவிட்டதா?

அவனை அடக்கம் செய்த மறுநாளே மேஜையில் போய் உட்கார்ந்தீர்கள். "என்ன மனுஷன்மா இவரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே" என்று வந்தவர்கள் என் காதுபடப் பேசினார்கள். தாங்க முடியாமல்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன். நீங்கள்தான் அழவில்லை, அந்த ராணியின் வாயையும் அடைக்க வேண்டுமா?

அது இல்லாமல் புத்தகம் வந்தால், இதுதான் என் கடைசிக் கடிதம்.

மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

பொய்தான் சொன்னேன். உன்னிடம் போய்ச் சொன்னேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

புலம்பலின் முதல் சொல்லே அவள் மகனைக் கூப்பிடுவது. அதற்குத் தமிழில், நீ அவனைக் கூப்பிடுவாயே, அதுதான் எனக்கு வருகிறது. எழுதக் கை வரவில்லை. வேறு சொல் போடவும் மனசு ஒப்பவில்லை.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்தேனே, அன்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று பயம், அவ்வளவுதான்.

புத்தகமே வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிடப்போகிறேன். கத்துவார், கத்தட்டும்.

உன் கணவன்

மார்ச் 20

என்னங்க,

பதிப்பாளரிடம் எதுவும் சொல்லிவைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மூலத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்து அர்த்தம் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். நடுவில் அழுகை வந்தால் வரட்டும், நான் எங்கும் போகமாட்டேன்.

முதல் சொல்லுக்கு மட்டும் அர்த்தம் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தெரியும்.

அவன் அம்மா